ஒரு கிலோ இரும்பு

இவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது ஒரு தும்மல். நம்பினால் நம்புங்கள்.

மழை கொட்டிய ஒரு சனிக்கிழமை காலை. ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. அந்தக் கோடியில் அவன், இந்தக் கோடியில் அவள். யாரோ ஃபினாயில் ஊற்றித் தரையைத் துடைத்துக்கொண்டு போனார்கள். நெடி ஏறி, இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தும்மல் முட்டியது. தும்முவதற்கு முன்னால் இரண்டு பேருமே வலது கையை வயிற்றில் வைத்து இறுக்க அழுத்திக்கொண்டார்கள்.

தும்மி முடித்துத் திரும்பினால்... அவனும் கையை எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

"உங்களுக்கும் அதானா?" என்றான்.

"எது?"

"குடலிறக்கம். எனக்குத் தொப்புள் கிட்ட. உங்களுக்கு?"

என்ன ஆள் இவன்! முன்பின் தெரியாத பெண்ணிடம் எடுத்த எடுப்பிலேயே தொப்புளைப் பற்றிப் பேசுகிறான்... அவள் வெடுக்கென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குள் பார்த்தும்விட்டாள். ஒல்லி உடம்பு. தூக்கம் கெட்டுச் சிவந்த, ஆனாலும் சிரிப்பை ஒளிக்கத் தெரியாத கண்கள். இமையில் இன்னும் ஒரு மழைத்துளி நின்றது. சட்டைக் காலர் கோணலாகத் தைக்கப்பட்டிருந்ததையும் கவனித்தாள். அது தொழில் புத்தி.

அவள் தையல்காரி. திரைச்சீலை, சோபா உறை, மெத்தை உறை என்று பெரிய பெரிய துணிகளாகத் தைக்கும் கடை. முப்பத்தாறு வயது. தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்குப் பிதுக்கம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. குனிந்து வெட்டினாலும் வலி, மிஷினில் உட்கார்ந்தாலும் வலி. இன்றைக்கு ஆபரேஷனுக்கு ஒரு வழி பிறக்காமல் வீடு திரும்புவதில்லை என்றுதான் வந்திருந்தாள். கிளம்பும்போது ஒரு திருட்டுத்தனமும் செய்திருந்தாள்.

முதல் நாள் எழுதும் எடையிலிருந்து பத்து கிலோ குறைந்தால்தான் இந்த டாக்டர் தேதி கொடுப்பார் என்று தெரிந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். "பத்து கிலோவா! நீயா!" என்று அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு காதிலேயே நின்றது. துணி வெட்டும் பெரிய கத்திரிக்கோலையும், துணி நகராமல் இருக்க மேலே வைக்கும் இரண்டு இரும்புக் கட்டிகளையும் எடுத்து மழைக்கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். எல்லாம் சேர்ந்து ஒரு கிலோ. பத்தில் ஒன்று நோகாமல் குறைந்துவிடும் அல்லவா?

"கோட்டைக் கழட்டிட்டு ஏறுங்க," என்றாள் நர்ஸ்.

"குளிருதுங்க... இப்படியே ஏறிடறேனே."

எடை மிஷினில் கால் வைத்தபோது பைக்குள் 'ணங்' என்றது. நர்ஸ் கண்டுகொள்ளவில்லை. தொண்ணூற்றாறு என்று எழுதினாள். வரிசையில் அடுத்து நின்ற அந்த ஒல்லி ஆள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா ஆள் குள்ளம், குரல் மட்டும் பெரிசு. "பத்து கிலோ இறக்கிட்டு வாங்க."

"இப்பவே பண்ணக் கூடாதா டாக்டர்?"

"பண்ணலாம். உள்ள இருக்கிற கொழுப்பு தள்ளிக்கிட்டே இருக்கும். ஓட்டையை அடைக்க வலை வச்சுத் தைச்சாலும் அது மேல இழுப்பு. புண்ணு லேசுல ஆறாது, சீழ் பிடிக்கும், மறுபடியும் பிதுங்கும். ஆனா ஒண்ணு, திடீர்னு தாங்க முடியாத வலி, வாந்தி, பிதுக்கம் உள்ள போகாம கல்லு மாதிரி ஆயிடுச்சுன்னா உடனே ஓடி வந்துடுங்க. அப்ப எடையெல்லாம் கேக்க மாட்டேன்."

இழுத்துக் கட்டிய சோபா உறையில் தையல் விட்டுப் போவதை அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! டாக்டர் சொன்னது சட்டென்று புரிந்தது. கோட்டுப் பையில் இரும்பு கனத்தது.

அடுத்து அவன். கதவு சாத்தவில்லை, டாக்டரம்மா குரலுக்குச் சாத்தியும் பயனில்லை. "போன தடவை சிகரெட்டை விட்டுட்டேன்னு என்கிட்டப் பொய் சொன்னீங்க. புண்ணு அழுகி, தையல் விட்டு, மூணே வருஷத்துல திரும்பி வந்து நிக்கறீங்க. ஒரு மாசமாவது சுத்தமா விடணும். இல்லேன்னா கத்தியை எடுக்கவே மாட்டேன்."

வெளியே மழை விடவில்லை. போர்ட்டிகோவில் மறுபடியும் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில். அவன் கை சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது.

"தையல் ஒழுங்கா போட்டா பிரியுமாங்க? அந்தம்மா என்னையே திட்டுது," என்றான்.

"நூல் நல்லாத்தான் இருக்கும். துணி இத்துப்போயிருந்தா? தையல் ஓட்டை பக்கத்துலயே கிழியும். புகை உங்க துணியை இத்துப்போக வைக்குது. அதுல இருமல் வேற."

அவன் அவளையே பார்த்தான். கண்கள் சிரிப்பை மறந்திருந்தன. பிறகு லைட்டரை எடுத்து நீட்டினான். "இந்தாங்க டெய்லரம்மா. நீங்களே வச்சுக்கோங்க."

அவள் கைப்பையைத் துழாவி ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். கொடுக்க மனசே வரவில்லை... கொடுத்தாள்.

அவன் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். "ஒவ்வொரு கிளாஸும் எனக்கு மறுபிறவி. அதான் இறங்கினதும் கை நடுங்கி ஒண்ணு பத்த வைப்பேன்" என்பது அவன் கட்சி. அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் பதினொரு மணிக்கு இருவரும் நர்ஸ் முன்னால் ஆஜர். அவள் எடை மிஷினில் ஏறுவாள். அவன் மூச்சில் புகை இருக்கிறதா என்று காட்டும் சின்ன மிஷினில் ஊதுவான். ஆறுக்குக் கீழே வந்தால் தப்பித்தான்.

"பதினெட்டு! என்ன மாஸ்டர், ஃபேக்டரி நடத்தறீங்களா?" என்பாள் அவள்.

"சிரிக்காதீங்க, வயிறு பிதுங்கும்."

"நீங்கதான் சிரிக்க வைக்கறீங்க... ஐயோ, வலிக்குது!"

கையை வயிற்றில் அழுத்திக்கொண்டு சிரிப்பதற்கென்றே அவளுக்குச் சனிக்கிழமை வந்தது. நடந்தாள். இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கினாள். அண்ணி ஏதாவது சொன்னால் பதில் சொல்லாமல் தட்டைக் கழுவி வைத்தாள். தொண்ணூற்றிரண்டு, தொண்ணூறு, எண்பத்தெட்டு... எடை இறங்கியது தெரிந்தது. மனசு எங்கே போய்க்கொண்டிருந்தது என்பது அவளுக்கும் தெரியும், ஒப்புக்கொள்ளத்தான் வெட்கம். மூன்றாவது மாதம் அவன் மிஷினும் 'நாலு' காட்டியது. அடுத்த வாரம் 'மூணு'. டாக்டரம்மா இருவருக்கும் ஒரே வியாழக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்.

ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடை வாசலில் டிரைவிங் ஸ்கூல் கார் வந்து நின்றது. அவள் சந்தோஷமாக எட்டிப் பார்த்தாள். ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது. உள்ளே அவன்... விரலிடுக்கில் சிகரெட்.

அவளைப் பார்த்ததும் பதறி இறங்கி, அதைக் கீழே போட்டு மிதித்தான்.

"நாலு, மூணுன்னு காட்டுச்சே... எப்படி?"

"வியாழக்கிழமை ராத்திரியோட நிறுத்திடுவேன். ரெண்டு நாள்ல மூச்சு சுத்தமாயிடும்."

"மிஷினை ஏமாத்தலாம் மாஸ்டர். வயித்துக்குள்ள இருக்கிற சதையை ஏமாத்த முடியுமா? மறுபடியும் அழுகினா யார் படறது? ஒவ்வொரு கிராமையும் நான் உங்ககிட்ட வந்து சொன்னேனே, என்னைப் பார்த்தா இளிச்சவாய் மாதிரியா இருக்கு?" அவள் நசுங்கிக் கிடந்த சிகரெட்டைப் பார்த்தாள். "என்னால ஏமாத்துக்காரங்களோட பழக முடியாது. போயிடுங்க."

அவன் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். உள்ளே வந்து மேஜையில் கத்திரிக்கோலைப் பார்த்தபோது அவளுக்குச் சுருக்கென்றது. அதை எடுத்து டிராயருக்குள் போட்டு மூடினாள். நானும் அவனும் ஒன்றா என்ன... அவனுடையது உயிர் விஷயம், என்னுடையது ஒரு கிலோ. இப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டாளே தவிர, அன்றைக்கு ஒரு உறைகூட உருப்படியாகத் தைக்கவில்லை. எடை பார்க்கும் நாளையும் புதன்கிழமைக்கு மாற்றிக்கொண்டாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். திரை போட்டுத் தடுத்த அறை. இந்தப் பக்கம் அவள், காலை ஆட்டிக்கொண்டு கட்டிலில். எண்பத்தாறு என்று நர்ஸ் எழுதிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். அங்கிருந்து இருமல் சத்தம் கேட்டது. அந்த இருமலை அவள் ஆயிரம் பேருக்கு நடுவிலும் கண்டுபிடிப்பாள்.

"ஊதுங்க... மூணு. பேஷ். கடைசியா எப்ப சிகரெட் பிடிச்சீங்க?"

அவள் கால் ஆட்டுவதை நிறுத்தினாள். பொய் சொல்லிப் படுத்துவிடுவானோ? நாளைக்குக் கத்தி வைத்துவிடுவார்களே... நான் போய்ச் சொல்லிவிடட்டுமா?

"அந்த மூணை நம்பாதீங்க சிஸ்டர். திங்கக்கிழமை சாயங்காலம் பிடிச்சேன்."

டாக்டரம்மா வந்தார். குரல் என்னவோ அன்றைக்குத் தாழ்ந்துதான் இருந்தது. "தெரிஞ்சுதான் பேசறீங்களா? தேதி போனா இன்னும் ரெண்டு மாசம் ஆகும்."

"போகட்டும் டாக்டர். போன தடவை சொல்லாம படுத்தேன். இந்தத் தடவை... ஒருத்தங்க என்னை ஏமாத்துக்காரன்னு சொல்லிட்டாங்க. அது பொய்யாகணும்."

இரண்டு வருட வலி, மூன்றரை மாதப் பட்டினி, நாளைக் காலைத் தேதி. எல்லாம் அவள் கண் முன்னால் வந்து நின்றன. அவனால் தேதியைத் தூக்கிக் கொடுக்க முடிகிறது. நான்? அவள் இறங்கிப் போய்த் திரையை விலக்கினாள்.

"டாக்டர், நானும் ஒண்ணு சொல்லணும். முதல் நாள் கோட்டுப் பையில ஒரு கிலோ இரும்பு வச்சுக்கிட்டுத்தான் எடை பார்த்தேன். நான் குறைச்சது ஒன்பதுதான். என் தேதியையும் எடுத்துக்கோங்க."

"இரும்பா?"

"கத்திரிக்கோலும், துணி மேல வைக்கிற கட்டியும்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல ஜோடி வந்து சேர்ந்தீங்க ரெண்டு பேரும்! மயக்கம் கொடுக்கப் போறது உங்களுக்கு, கத்திரிக்கோலுக்கு இல்ல. எண்பத்தாறு எனக்குப் போதும். போய்ப் படுங்க. மாஸ்டர், நீங்க கிளம்புங்க. ரெண்டு மாசம் கழிச்சு வாங்க." நர்ஸையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"கேட்டீங்கல்ல... உங்களுக்கு ஆச்சரியமாவே இல்லையா?"

"முதல் நாளே தெரியும். உங்களுக்கு அடுத்து நான்தான் நின்னேன். ணங்குன்னு கேட்டுச்சே."

"அப்ப... அன்னைக்குக் கடை வாசல்ல அந்தத் திட்டு திட்டினேனே! ஒரு வார்த்தை சொல்லி என் வாயை அடைச்சிருக்கலாமே?"

"அடைச்சிருக்கலாம். நீங்க தலை குனிஞ்சிருப்பீங்க. அதை என்னால பார்க்க முடியாதுங்க." அவன் பையைத் தோளிலிருந்து இறக்கினான். "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்ப நாளாவே... வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நானும் சொல்லிடறேன். முதல் மாசம் டாக்டருக்காக வந்தேன். அப்புறம் வந்ததெல்லாம் உங்களுக்காகத்தான்."

அவன் சட்டைப் பையிலிருந்து இன்னொரு லைட்டரை எடுத்தான். புதுசு. அவள் உள்ளங்கையில் வைத்தான். விரல் பட்டது... இரண்டு பேருமே உடனே எடுத்துக்கொள்ளவில்லை.

"சனிக்கிழமை நான் வார்டுலதான் படுத்திருப்பேன். அங்க வந்து ஊதிக் காட்டணும்," என்றாள். "ஞாயிறு, திங்கள், செவ்வாயும் வரணும். அந்த ரெண்டு நாள் கதையெல்லாம் இனிமே என்கிட்ட நடக்காது. தினமும் என் முன்னாடி ஊதணும்."

"தினமுமா? எத்தனை நாளைக்கு?"

"அதையும் நானே சொல்லணுமா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது. இரண்டு பேரும் வலது கையை வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தார்கள்.