தொப்பிக்குக் கீழே

தெர்மாகோல் தலையின் இடது கன்னத்தைக் காணவில்லை.

கெர்னோட் கண்ணாடி அலமாரியைத் திறந்து குனிந்து பார்த்தான். எலி கடித்திருந்தால் தாறுமாறாக இருக்கும். இதை யாரோ பொறுமையாக, ஒரே போக்கில், சீராகச் சுரண்டியிருந்தார்கள். உதிர்ந்த தூளைக்கூடச் சின்னக் குவியலாகக் கூட்டி ஓரத்தில் ஒதுக்கியிருந்தார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள், இங்கே நேர்மாறு. மேலே இருந்த தொப்பியில் ஒரு கீறல் இல்லை, தலைதான் போயிருந்தது. அலமாரிக் கதவின் கீழ்மூலையில் மட்டும் கண்ணாடி உடைந்து ஒரு சில்லு குறைந்திருந்தது.

பழைய ஜெர்மன் பட்டாளத் தொப்பிகள் என்றால் கெர்னோட்டுக்குப் பைத்தியம். உள்பட்டைத் தோலை மோந்து பார்த்தே அசலா போலியா என்று சொல்லிவிடுவான். யாரும் தொப்பியைத் தலையில் வைக்கக் கூடாது, வியர்வை பட்டால் பழந்தோல் வெடித்துவிடும் என்பது அவன் வீட்டுச் சட்டம். அதனால் ஒவ்வொரு தொப்பிக்கும் ஒரு தெர்மாகோல் தலை. அவன் மனைவி ஆல்முட் அந்தத் தலைகளை "உன் வைப்பாட்டிங்க" என்றுதான் சொல்வாள்.

இந்தச் சாம்பல்நிறத் தொப்பி, நீலப் பட்டி போட்டது, போன வாரம்தான் வந்தது. கொடுத்தவர் ஒகஹாஞ்சா ஊரில் மாடு வளர்க்கும், கறுப்பின ஹெரேரோக்காரர் கவாரி. ஜெர்மன்காரர்கள் அங்கே ஆண்ட காலத்தில் சுவகோப்முண்ட் சிறைமுகாமிலிருந்து தப்பிய அவருடைய பூட்டன், வழிமறித்த முகாம் அதிகாரியைக் கொன்று எடுத்துப் போன தொப்பி அது. அதன்பின், செத்த முன்னோரை நினைத்து ஹெரேரோக்கள் நடத்தும் ஆகஸ்டு மாத அணிவகுப்பில் அந்த வீட்டு ஆண்கள் மாற்றி மாற்றி அதை அணிந்து நடந்தார்கள். கெர்னோட் தன்னிடம் இருந்த தண்ணீர்ப் பம்பைக் கொடுத்து அதை வாங்கினான்.

"தண்ணியில்லாம மாடு சாகுது துரை, இல்லேன்னா குடுப்பேனா?" என்றார் கவாரி. "எங்க தலையில இருக்கிற வரைக்கும் இது எங்க தொப்பி, அடங்கிக் கிடக்கும். வேற தலைக்குப் போனா அந்த அதிகாரியோட தொப்பிதான். மறுபடி உத்தரவு போட ஆரம்பிச்சுடுவான், பார்த்துக்க."

கெர்னோட் சிரித்து வைத்தான்.

மறுநாள் மூக்கு போயிருந்தது. அதற்கடுத்த நாள் உதடுகள். வெளியே கடல்பனி ஜன்னலை அடைத்து நின்றது. வீடெல்லாம் அழுகிய கடற்பாசி வாடை, அதற்கடியில் இன்னொரு வாடை, கொதிக்கும் எலும்புச் சாற்றில் வருவது போல. அவன் உள்ளங்கையில் மெல்லிய வெட்டு ஒன்று இருந்தது. மீன் டின் கிழித்துவிட்டது என்று ஆல்முட்டிடம் சொன்னான். அந்த வாரம் அவன் எந்த டின்னையும் திறக்கவில்லை. கவாரிக்குப் போன் போட்டான்.

"கவாரி, தலையை யாரோ சுரண்டுறாங்க."

மாடு கத்தும் சத்தத்துக்கு நடுவே கவாரி கேட்டார்.

"அந்த அதிகாரிக்கு முகாம்ல என்ன வேலைன்னு தெரியுமா துரை? செத்தவங்க தலையை வேகவச்சு, எங்க பொம்பளைங்க கையில கண்ணாடிச் சில்லைக் குடுத்து, சதையைச் சுரண்டச் சொல்றது. புருஷன் தலையைப் பொண்டாட்டியே. சுத்தமானதும் பெட்டியில அடுக்கி பெர்லினுக்குக் கப்பலேத்திட்டாங்க. உன்னை மாதிரியே, சேகரிக்கிறவங்க."

"இப்போ சுரண்டுறது அந்தப் பொம்பளைங்களா?"

"அவங்க பாவம், எப்பவோ போய்ச் சேர்ந்துட்டாங்க. உத்தரவுதான் இன்னும் போகல. உன் வீட்ல கையிருக்கிறவன் யாரு, நீயே யோசி. நாளைக்கு வந்து எடுத்துக்கறேன். அதுவரைக்கும் அதை எந்தத் தலையிலயும் வைக்காதே."

கெர்னோட் தெர்மாகோல் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, பூட்டு போட்ட பெட்டி ஒன்றை எடுக்கக் கார் கொட்டகைக்கு ஓடினான். பனியில் கை நீட்டினால் கை தெரியவில்லை. பெட்டியோடு திரும்பியபோது ஆல்முட் கண்ணாடி முன் நின்று விறைப்பாக சல்யூட் அடித்தாள். தலையில் தொப்பி.

"கேப்டன் துரைக்கு வணக்கம்! கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து எனக்கு ஒரு தொப்பி வாங்கித் தந்திருப்பியா நீ? எப்படி இருக்கேன்?"

"கழட்டு ஆல்முட்."

"பாரு, உன் வைப்பாட்டிகளைவிட நான் அழகு!"

"கழட்டுடி!"

அவன் குரலில் இருந்த பயத்தைக் கேட்டு அவள் சிரித்துக்கொண்டே இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். சிரிப்பு நின்றது.

"கெர்னோட், இறுக்குது."

அவன் பாய்ந்து தொப்பியைப் பிடித்தான். நூறு வருஷப் பழைய, காய்ந்த உள்பட்டைத் தோல் ஈரமாக இருந்தது. புது வியர்வை. இன்னொருவனுடையது. சமையலறையில் தண்ணீர் கொதிக்கும் சத்தம். பெரிய பானை. அடுப்பை யாரும் பற்றவைக்கவில்லை.

"வலிக்குது. ஏதாவது பண்ணு."

அவன் கால்சட்டைப் பையில் ஏதோ குத்தியது. கையை விட்டான். சில்லு.

பிறகு பனி. வெள்ளை. ஒரு குரல், எங்கிருந்தோ, கண்டிப்பாக. கத்தல் ஒன்று. அதுவும் ஓய்ந்தது.

சர்க்.

சர்க்.

யார் அது? நிறுத்து. யார் சுரண்டுவது? கெர்னோட் சத்தம் வந்த இடத்தைப் பார்த்தான். அவனுடைய கைதான்.

ஆல்முட் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தொப்பி கோணாமல் நேராக இருந்தது. நீலப் பட்டிக்குக் கீழே இடது கன்னம் எலும்பு தெரிய, வெள்ளையாக, சுத்தமாக முடிந்திருந்தது. வலது கண் இன்னும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அது இமைத்தது.

கெர்னோட் வாய்விட்டு அழுதான். அழுதுகொண்டே, கீழே விழுந்ததைக் கையால் கூட்டி ஓரமாக ஒதுக்கிவிட்டு, மூக்கில் ஆரம்பித்தான்.