காலில் ஒட்டிக்கொண்டது

"அந்த அடிமைக் கோட்டைக்குப் போய்ச் செருப்பை மட்டும் கழட்டிடாத," என்று காலையிலேயே சொல்லியிருந்தான் குவாமெனா.

"எங்க ஆளுங்களைச் சங்கிலியில கட்டி வெச்ச இடம். செருப்போடயா மிதிக்கச் சொல்ற?"

"ஜமைக்காவுலேர்ந்து வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. அப்புறம் கால் கழுவத் தண்ணி இறைச்சுச் சாகறது என் தங்கச்சி." சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "கார்லின், ரொம்ப நாளா எதையோ கேக்க வாயெடுக்குற. கேளேன்."

"ஒண்ணுமில்ல. மீன் கருகுது பாரு."

கல்யாணமாகிக் கானாவின் இந்தக் கடற்கரை ஊருக்கு வந்த மூன்று வருடமாக அந்த 'ஒண்ணுமில்ல'வுக்குப் பின்னால் அவள் ஒரு கேள்வியை ஒளித்து வைத்திருந்தாள். ஜமைக்காவுக்கே திரும்பிவிடலாமா என்று கேட்க வேண்டும். ஆனால் படகும் தங்கையும்தான் அவன் உலகம். முடியாது என்று சொல்லிவிட்டால், அப்புறம் எந்த முகத்தோடு அவன் பக்கத்தில் படுப்பது?

கோட்டையின் நிலவறையில் அவள் செருப்பைக் கழற்றியபோது, வெளியே வெயில் கொளுத்தியும், தரை ஈரமாக, மிருதுவாக, உயிருள்ள ஒன்றின் தோல்போல லேசாக உள்வாங்கியது.

"ஐயோ அக்கா, செருப்பைப் போடுங்க!" வழிகாட்டி எசில்ஃபி கைவிளக்கைத் தாழ்த்தினார். "அது தரை இல்ல. கல்தரை இன்னும் ஒரு முழம் கீழ இருக்கு. கப்பல் வர்ற வரைக்கும் மாசக்கணக்குல இங்கயே சாப்பிட்டு, இங்கயே இருந்து, இங்கயே செத்தாங்க. எல்லாம் சேர்ந்து இறுகினதுதான் நீங்க மிதிக்கிறது."

அவள் கால்களைச் செருப்புக்குள் நுழைத்தாள். விரலிடுக்கில் எதுவோ பிதுங்கியது. இத்தனை காலத்துக்குப் பிறகும் அது வெதுவெதுப்பாக இருந்தது.

வீட்டு வாசலில் வாளியோடு காத்திருந்தாள் நாத்தனார் அராபா. "அங்கயே நில்லுங்க அண்ணி! கோட்டையை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வராதீங்க."

கழுவினாள். சோப்புப் போட்டுக் கழுவினாள். ஆனால் சாப்பிட உட்கார்ந்து கென்கே உருண்டையின் இலையைப் பிரித்ததும், புளித்த சோள வாசனைக்கு அடியிலிருந்து பழைய மூத்திரமும் அழுகிய புண்ணும் வாந்தியும் கலந்த நாற்றம் எழுந்து நாக்கிலேயே வந்து படிந்தது. குவாமெனாவும் அராபாவும் ருசித்துச் சாப்பிட்டார்கள். அவள் தட்டை நகர்த்திவிட்டுக் காலைப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்துக்கடியில் கறுப்பாக ஒரு கோடு. ஊக்கு நுனியால் நோண்டினாள். களிம்புபோல வந்தது. இழுக்க இழுக்க நீண்டது. அதற்குள் சுருட்டையாய் ஒரு மயிர்.

"அழாத," என்றான் குவாமெனா. குளியல் கல்லில் அவளை உட்காரவைத்து, மடியில் காலை எடுத்துக்கொண்டு, உடம்பு தேய்க்கும் வலைநாரால் தேய்த்தான். "உன் காலை நான் கழுவக் கூடாதா? கல்யாணத்தன்னிக்கே கழுவியிருக்கணும், மறந்துட்டேன்."

ஆறு வாளி. தண்ணீர் கறுத்துக்கொண்டேதான் வந்தது. குனிந்திருந்த அவன் பிடரியைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. இவனிடம் கேட்கலாம். இன்றைக்கே கேட்கலாம்.

அப்போதுதான் முற்றத்தைப் பார்த்தாள்.

சிமெண்டுத் தரையில் ஈரக் கறுப்புத் தடங்கள். வாசலிலிருந்து வருபவை. வெறுங்கால்கள். அவளுடையவை மட்டுமல்ல. பெரியவை. குதிகால் இழுபட்டவை. உள்ளங்கையளவே ஆன ஒன்று. ஒன்றன்மேல் ஒன்றாய், இடைவெளியே இல்லாமல், குளியல் கல்வரை. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

எல்லாம் அவள் முதுகுக்குப் பின்னால் முடிந்திருந்தன.

அவள் பிடரியில் வெதுவெதுப்பான மூச்சு. அந்த நாற்றம்.

"குவாமெனா." மூன்று வருடம் விழுங்கியது வெளியே வந்தது. "என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

அவன் தலை நிமிர்ந்தான். வலைநார் கையிலிருந்து நழுவியது. அவன் பார்த்தது அவளை அல்ல.

அவள் தோளுக்குப் பின்னால், சேறு விலகும் ஓசையோடு, வாய்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."