கட்டளை போன இடம்

சஞ்சீவனின் தலை பிளந்திருந்தது.

நிலம் கிண்டும் இரும்பு அலவாங்கு பக்கத்தில் கிடந்தது. அதன் நுனியில் மயிர் ஒட்டியிருந்தது. மேசையில் மடிக்கணினி விழித்தபடி... விசைகளில் இரத்தம் இன்னும் காயவில்லை.

வேலணை. காலை ஒன்பது நாற்பது.

இன்ஸ்பெக்டர் கோபிசங்கர் குனிந்து பார்த்தார்.

"மூண்டு அடி. முதல் அடியிலேயே உயிர் போட்டுது. மற்ற ரெண்டும் ஆத்திரத்துக்கு."

இறந்தவனின் தகப்பன் தியாகலிங்கம் வாசலில் நிமிர்ந்து நின்றார். எழுபத்தெட்டு வயது. வேட்டியில் ஒரு மடிப்புக் கலையவில்லை. கையில் கருங்காலிப் பொல்லு, ஊன்றுவதற்கல்ல.

"கள்ளன் அடிச்சது எண்டு எழுதும். என்ர வீட்டுக்குள்ள ஆள் தேடாதையும்."

"கள்ளன் எண்டால் இந்தக் கொம்பியூட்டரை ஏன் விட்டிட்டுப் போனவன், ஐயா?"

"நாலு தலைமுறையா இந்த வாசல் படலைக்குள்ள பொலிஸ் வந்ததில்லை. ஒரு சொல்லும் வெளியில போகக்கூடாது. விளங்குதோ?"

அவர் மகளின் புருஷன் பிரதாபன் முன்னே வந்தான். ஊர்காவற்றுறையில் கொம்பியூட்டர் கடை வைத்திருப்பவன்.

"மாமா சொல்லுறது சரி, சேர். நான் விடியத் தொடக்கம் கடையில நிண்டனான். கேள்விப்பட்டுத்தான் ஓடி வந்தனான்."

கோபிசங்கர் திரையைப் பார்த்தார். சஞ்சீவன் வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கொம்பனிக்கு நிரல் எழுதுபவன். எழுதும் மென்பொருளின் அடியில் ஒரு கறுப்புக் கட்டம். கணினிக்குக் கட்டளை இடும் இடம்.

அதில் ஒரே ஒரு கட்டளை.

எல்லாவற்றையும் அழி.

நேரம் 9.10.

"அடிச்சுப்போட்டு ஆறுதலா இருந்து அழிச்சிருக்கிறான்."

"அப்ப ஒண்டும் மிச்சமில்லையோ, சேர்?" பிரதாபனின் குரலில் கவலை... கொஞ்சம் கூடுதலான கவலை.

அவன் கைபேசி அலறியது. வெட்டினான். மறுபடி அலறியது.

கோபிசங்கர் அதைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார். கடையில் வேலை செய்யும் பெண்ணின் குரல்.

"அண்ணை, யூலியானா கதைக்கிறன். கடைக் கொம்பியூட்டர் மொட்டையாப் போச்சுது. ஒன்பது பத்துக்கு, நான் பார்த்துக்கொண்டிருக்கவே எல்லாம் அழிஞ்சுது. காலமையில இருந்து கடைப்பக்கம் வராமல் எங்க நிக்கிறியள்?"

"விடியத் தொடக்கம் கடையில, என்ன?" கோபிசங்கர் சிரித்தார். "கடைக் கொம்பியூட்டரைத் திருத்தித் தரச் சொல்லிச் சஞ்சீவனிட்டக் கேட்டனீரோ?"

"ஓ... ஓம். போன கிழமை."

"அவன் இங்கயிருந்தே திருத்தினவன். இந்தக் கறுப்புக் கட்டத்தைத் திறந்தால் உம்மட கடைக்குள்ள போற மாதிரிப் பொருத்தி வைச்சிருக்கிறான். வரித் தொடக்கத்தில உம்மட கடைப் பேர் கிடக்குது. அவசரத்தில நீர் அதை வாசிக்கேல்லை. இதை அழிக்கிறதா நினைச்சு, உம்மட கடையை அழிச்சுப்போட்டீர்."

கோபிசங்கர் கட்டத்தை மூடிக் கோப்புகளைத் திறந்தார். எல்லாம் அப்படியே இருந்தன.

தியாகலிங்கத்தின் தங்கை கனடாவில். அவளுக்குத் தெரியாமல் அவள் காணியை விற்கப் பிரதாபன் முடித்த கள்ள உறுதிப் பத்திரம், சஞ்சீவன் கண்டுபிடித்து வைத்தது, முதல் கோப்பு. படலைக் கமராவின் பதிவு அடுத்தது. 8.55... அலவாங்கோடு உள்ளே வரும் பிரதாபன்.

பிரதாபன் பாய்ந்தான். அலவாங்கைத் தூக்கி இன்ஸ்பெக்டரின் தலைக்கு ஓங்கினான்.

அது இறங்கவில்லை.

தியாகலிங்கத்தின் கருங்காலிப் பொல்லு அவன் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்தது. அடுத்தது முழங்காலில். அதற்கடுத்தது வாயில். இரண்டு பற்கள் சஞ்சீவனின் இரத்தத்தில் விழுந்தன.

"மாமா... வெளியில தெரியக்கூடாது எண்டு... நீங்கள்தானே..."

தியாகலிங்கம் நடந்து போய்ப் படலையை அகலத் திறந்தார். வெளியே ஊரே நின்றது.

"எல்லாரும் வந்து பாருங்கோ. என்ர பிள்ளையின்ர உயிரை எடுத்தவன் என்ர மருமோன்தான்."

திரும்பி வந்தார். வேட்டித் தலைப்பால் பொல்லைத் துடைத்தார்.

"இப்ப எழுதும், இன்ஸ்பெக்டர். முதல் அடி உம்மைக் காப்பாத்த. மற்ற ரெண்டும் ஆத்திரத்துக்கு."