தாசில்தார் தூங்குகிறார்

வெண்பாறையில் காலை என்றால் காற்று லாரி. லாரி வந்து நின்றதும் குடியிருப்பு மக்கள் அவரவர் உருளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். இடையில் புகுந்தவரைத் திட்டுவார்கள். திட்டுவதற்கும் காற்றுதான் செலவாகிறது என்று பின்னால் நிற்பவர் நினைவுபடுத்துவார். நிலவுக்குக் குடிபோன பிறகு நாம் விட்டுவிட்ட பழக்கங்கள் மிகச் சில. வரிசையில் சண்டை போடுவது அவற்றில் சேராது.

பெரியவர்களுக்கு ஒரு பங்கு காற்று, குழந்தைகளுக்கு அரை, பூனைக்குக் கால். அந்தக் கால் பங்கை வாங்கும்போது மட்டும் தில்லைநாயகம் குரலைத் தாழ்த்திக்கொள்வார். வெண்பாறையில் இருந்ததே ஒரு பூனைதான். அதன் பெயர் தாசில்தார். தாசில்தார் என்றால் யார் என்று நிலவில் யாருக்கும் தெரியாது. வரலாற்றுப் பாடத்தில் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்த அவருடைய மகள் பூங்கோதை, கூப்பிட்டால் எழாமல், கேட்டால் பதில் சொல்லாமல், மேசைமீது வைத்ததையெல்லாம் கீழே தள்ளிவிடும் குட்டிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது என்று முடிவு செய்திருந்தாள். அவள் இப்போது பூமியில், மதுரையில், எடைச்சட்டை மாட்டிக்கொண்டு மருத்துவம் படிக்கிறாள். நிலவில் பிறந்த எலும்புக்குப் பூமியில் நடக்க அந்தச் சட்டை வேண்டும். போகும்போது அப்பாவிடம் அழுதுகொண்டே ஒப்படைத்தது தாசில்தாரை மட்டும்தான்.

தாசில்தாருக்குச் சர்க்கரை நோய். ஆறில் ஒரு பங்கு எடையுள்ள உலகத்தில் பூனைக்கு ஓட வேண்டிய தேவை இல்லை. தரையைக் காலால் ஒரு தட்டுத் தட்டினால் கூரைக்குப் போய்விடலாம். தின்றது, தூங்கியது, நோய் வந்தது. மனிதர்களுக்கு அந்தக் கவலை ஒழிந்து நெடுங்காலம் ஆயிற்று. பிறந்ததுமே விலாவுக்குக் கீழே சுரப்பிச் சில்லு ஒன்றைப் பதித்துவிடுகிறார்கள். அப்புறம் சாகும்வரை ஜிலேபி தின்னலாம். பூனைக்குச் சில்லு செய்ய யாருக்கும் நேரமில்லை. எனவே காலையும் மாலையும் அளந்து சோறு, அளந்து ஊசி. பிடரியில் மடிப்பைப் பிடித்து தில்லைநாயகம் ஊசி போடும்போது பூனை அவரைப் பார்க்கும் பார்வையில் மரியாதையே இருக்காது. ஆனால் ஓடாது.

இந்த நிலையில்தான் நிலவின் மறுபக்கத்துப் பனிச்சுரங்கத்தில் தண்ணீர் பம்புகள் நின்றுபோயின. பம்பு மெக்கானிக் தில்லைநாயகம் போயே ஆக வேண்டும். பனிச்சுரங்கத்தில் விலங்குகளுக்கு அனுமதி இல்லை.

பக்கத்து வீட்டு சேவியர், உங்களுக்காக உயிரையே கொடுப்பேன் என்றார். ஊசியை எடுத்துக் காட்டியதும் அவரைப் படுக்கவைத்து விசிற வேண்டியிருந்தது. அவருடைய மனைவி தங்கபுஷ்பத்துக்கு ஊசி பயமில்லை. ஆனால் அளவுக் கிண்ணத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. வாயில்லாத ஜீவனுக்கு இப்படியா அளந்து போடுவார்கள், இதென்ன ஜெயிலா என்று கேட்டார். அவரைத் தில்லைநாயகமே கழித்துவிட்டார். அன்பானவர்களிடம் சர்க்கரை நோயாளியை விட்டுப்போகக் கூடாது என்கிற அளவுக்கு அவருக்கு விவரம் இருந்தது. அந்த விவரம் இன்னும் இரண்டு நாள் நீடித்திருக்கலாம்.

வாடகைக் கடையில் இரண்டு வகை எந்திரங்கள் இருந்தன. முதல் வகை கணக்கன். அளப்பான், போடுவான், சர்க்கரை எவ்வளவு என்று வெறும் எண்ணாக அனுப்புவான். அவனை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தாசில்தார் காற்றுக்குழாய்க்குள் ஏறிக்கொண்டு இறங்க மறுத்துவிட்டது. இரண்டாவது உறவு ரகம். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வீட்டு நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட விதத்தைப் பேச்சோடும் பழக்கத்தோடும் பதிவுசெய்து, அதிலிருந்து வார்த்தது. அக்கா, மாமா, அத்தை என்று மாதிரிகள் வைத்திருந்தார்கள். தில்லைநாயகம் அத்தையை எடுத்தார். அத்தையின் மடி வெதுவெதுப்பாக இருந்தது. தாசில்தார் முகர்ந்து பார்த்து, ஏறி, சுருண்டுகொண்டது. ஒரு பூனையின் பரிந்துரைக்கு மேல் மனிதன் என்ன கேட்பான்?

தினமும் சர்க்கரை எவ்வளவு என்று எண் அனுப்பட்டுமா என்று அத்தை கேட்டது.

“எண்ணெல்லாம் வேண்டாம்,” என்றார் தில்லைநாயகம். “எண்ணைப் பாத்தாலே எனக்குப் படபடன்னு வருது. வீட்டு மனுஷங்க சொல்ற மாதிரி, எப்படி இருக்கான்னு சொன்னாப் போதும்.”

“அதுக்கென்ன தம்பி. வீட்டு மனுஷி மாதிரியே சொல்றேன். நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க.”

சுரங்கத்தில் வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. ஷிப்ட் முடிந்து தலைக்கவசத்தைக் கழற்றியதும் முதல் வேலையாக வீட்டுக்குப் பேசுவார். தாசில்தார் நன்றாக இருக்கிறான், சாப்பிட்டான், உங்களைத்தான் தேடுகிறான் என்று அத்தை சொல்லும். சில நாள் கழித்து, கொஞ்சம் சோர்வாக இருக்கிறான், வெயில் விளக்கு ஒத்துக்கொள்ளவில்லை போல என்றது. அதற்குப் பிறகு எப்போது பேசினாலும் தூங்குகிறான் என்றது. எழுப்பிக் காட்டச் சொன்னால், இப்போதுதான் கண் அசந்தான், பாவம், விடுங்கள் என்றது. பூனைகள் நிறையத் தூங்கும் என்பது உலகறிந்த விஷயம். தில்லைநாயகம் அதைப் பிடித்துக்கொண்டு தானும் தூங்கினார்.

அவர் திரும்பி வந்தபோது அத்தை வாசலுக்கே வந்து பையை வாங்கிக்கொண்டது. இளைத்துவிட்டீர்கள் என்றது. தட்டு ஏற்கெனவே போட்டிருந்தது. தொட்டிமீன் குழம்பு, சுடுசோறு. பசி என்பதால் உட்கார்ந்து நாலு வாய் சாப்பிட்டார். அப்போதுதான் காலைச் சுற்றி யாரும் உரசவில்லை என்பது உறைத்தது. மீன் வாசனைக்கு வராமல் இருக்கிறவன் இல்லையே.

“தாசில்தார் எங்க?”

“முதல்ல சாப்பிட்டு முடிங்க.”

“எங்கன்னு கேட்டேன்.”

“இன்னும் ரெண்டு வாய்தான். சாப்பிட்டுட்டுப் பேசலாம் தம்பி.”

சோற்றுக்குள் இருந்த கை அப்படியே நின்றது. சாப்பிட்டுட்டுப் பேசலாம் என்பதற்கு என்ன பொருள் என்று தெரியாத தமிழன் நிலவிலும் இல்லை.

அத்தை மறைக்காமல் சொன்னது. அவர் போனதிலிருந்து பூனை கதவைப் பார்த்தே உட்கார்ந்திருந்தது. அளவுச் சோற்றை முகர்ந்துவிட்டு விலகியது. அப்படி விலகும் நோயாளியைப் பார்த்துச் சும்மா இருந்தவர்கள் அத்தையின் பதிவில் அநேகமாக இல்லை. இன்றைக்கு ஒரு நாள்தானே என்று பால்சோறு பிசைந்து வைத்தது. மறுநாளும் இன்றைக்கு ஒரு நாள்தான். சர்க்கரை ஏறியது. தாசில்தார் தாவுவதை நிறுத்தியது. தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கத்திலேயே கிடந்தது. குடியிருப்பு டாக்டர் வந்து பார்த்து, உரியவர் சம்மதித்தால் மருந்தைக் கூட்டலாம், உடனே அவருக்குச் சொல் என்றார்.

“நான்தான் சொல்லல,” என்றது அத்தை. “நீங்க பம்புக்குள்ள கையை விட்டு வேலை பாக்குறீங்க. மனசு இங்க இருந்தா கை அங்க மாட்டிக்கும். வந்ததும் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்.”

“எப்ப போனான்?”

“சோர்வா இருக்கான்னு சொன்னேன்ல, அதுக்கு மறுநாள். என் மடியிலதான் போனான். நீங்க முகம் பாக்கணும்ல, அதனால ஐஸ் பெட்டியில வச்சிருக்கேன்.”

பெட்டியைத் திறந்தார். அவருடைய பழைய சட்டைமேல் தாசில்தார் சுருண்டு படுத்திருந்தது. மீசையில் பனி. முன்னங்கால் ஒன்று, வழக்கம்போல, எதையோ தள்ளிவிடப்போவதாக நீண்டிருந்தது. தில்லைநாயகம் அந்தக் காலைத் தொட்டுக்கொண்டு நின்றார். ஒரு சொல், ஒரே ஒரு சொல் கிடைத்திருந்தால் மருந்தைக் கூட்டச் சொல்லியிருப்பார். பனி ஏற்றிவரும் வண்டியிலாவது ஏறி வந்திருப்பார்.

பொய் சொல்வதற்கென்றே உன்னைச் செய்தார்களா என்று கத்தினார். அத்தைக்குக் கோபம் வரவில்லை. நான் சொன்னதெல்லாம் வீட்டு மனிதர்கள் சொன்னதுதான் என்றது. பதிவில் துபாய்க்குப் பேசியவர்கள் இருந்தார்கள். டொரண்டோவுக்கும் வியாழனின் நிலவுகளுக்கும் பேசியவர்கள் இருந்தார்கள். மாரடைப்பு வந்தவருக்கு லேசான வாயுப்பிடிப்பு. ஆபரேஷன் ஆனவர் சும்மா செக்கப்புக்குப் போனவர். மூச்சுக் கருவியில் இருந்தவர் இப்போதுதான் தூங்கினார். இறந்துபோனவருக்குக் கொஞ்சம் சீரியஸ், எதற்கும் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போ. அதில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை என்றது அத்தை. எல்லோரும் அழுதுகொண்டேதான் சொன்னார்கள்.

தில்லைநாயகம் நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் குழம்பு காய்ந்திருந்தது. அந்தப் பழக்கத்தை அழித்துவிடு என்றார்.

“இனிமே யாருக்காகவும் எதையும் மறைக்கக் கூடாது. எது நடந்தாலும் நடந்தபடி சொல்லணும். உரியவங்களுக்குத் தெரிஞ்சே ஆகணும்.”

“சரி தம்பி. மாத்திட்டேன்.”

அப்போது சுவர் ஒளிர்ந்தது. பூங்கோதை. கண்ணுக்குக் கீழே கருவளையம், பின்னால் புத்தகங்களின் குவியல். நாளைக்குக் கடைசித் தேர்வு ஆரம்பம். எதுவுமே நினைவில் நிற்கவில்லை, பயமாக இருக்கிறது என்றாள். நன்றாக எழுதுவாய் என்றார். அவர் சொன்னது பூமிக்குப் போய்ச் சேர்ந்து, அவள் சிரித்து, அந்தச் சிரிப்பு நிலவுக்கு வந்து சேரச் சற்று நேரம் பிடித்தது.

“தாசில்தாரைக் கொஞ்சம் காட்டுங்கப்பா. பாத்துட்டுப் படிக்கிறேன்.”

உரியவள் கேட்டுவிட்டாள். அத்தை ஓர் அடி முன்னால் வந்து வாயைத் திறந்தது. தில்லைநாயகம் எழுந்து, மீன் வாசனை அடிக்கும் உள்ளங்கையால் அந்த வாயைப் பொத்தினார்.

“தூங்குறான்டா,” என்றார். “இப்பதான் கண் அசந்தான். நீ போய்ப் படி.”

சுவர் அணைந்தது. அவர் கையை எடுத்தார். அத்தை அதே இடத்தில் நின்றது.

“எதை வச்சுக்கட்டும் தம்பி?” என்று பணிவாகக் கேட்டது. “முன்ன சொன்னதையா, இப்பச் செஞ்சதையா?”

“இது வேற,” என்றார் தில்லைநாயகம். “அவளுக்குப் பரீட்சை.”

“பதிவுல எல்லாருமே அப்படித்தான் தம்பி சொல்றாங்க.”