சொல்லாமல் விட்ட உறவு

ஹட்டன் போலீஸ் நிலையத்தில் டெலிபோன் அலறியது.

"ஸார்... நோட்டன் பிரிட்ஜ் ரோட்டுல, பள்ளத்துல ஒரு பொணம் கெடக்குதுங்க..."

இன்ஸ்பெக்டர் முத்துலிங்கம் போய்ப் பார்த்தார்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தவர் இராமையா. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். தோட்ட ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கும் வைத்திய சபைக்கு உறுப்பினரை நியமிக்கும் தேர்வுக் குழுவில் ஒருவர். குழுவின் தலைவர் கடைவீதி முதலாளி வைரவன்.

நியமனக் கூட்டம் இன்றுதான்.

இராமையாவின் மூக்குக்கண்ணாடியைக் காணோம். பள்ளம் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

"கண்ணாடி இல்லாம வாசப்படிகூட எறங்க மாட்டாருங்க." மனைவி பூரணி அழவில்லை. "நேத்து சாயங்காலம் யாரோ கார்ல வந்து கூட்டிட்டுப் போனாங்க. நான் அடுப்படியில இருந்தேன். யாருன்னு பாக்கல."

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"சபைக்குப் பழனியாண்டியத்தான் போடணும்னு வைரவன் மொதலாளி ஒத்தக் கால்ல நின்னாரு. பழனியாண்டி மருந்துக் கடையில மொதலாளி மறைமுகக் கூட்டாளி. அவன் சபைக்குள்ள போனா, தோட்டத்து லயங்கள்ல இருக்குற சனம் பூரா அவன் விக்கிற தண்ணி கலந்த மருந்தத்தான் குடிக்கணும். 'கூட்டத்துல எல்லார் முன்னாலயும் கேக்கப் போறேன்'னு இவரு சொன்னாருங்க."



பூரணி முத்துலிங்கத்தையே பார்த்தாள். "மொதலாளி உங்களுக்கும் வேண்டியவராமே?"

முத்துலிங்கம் ஜீப்பில் ஏறினார்.

மத்தியானம் முத்துலிங்கம் வைரவனின் கடைக்கு வந்தபோது, மஃப்டியில் இன்னொருவரும் உடன் வந்தார். பெரேரா. வாசலில் நின்ற வைரவனின் காரை அவர்தான் சோதித்தார். பின்சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்ததை மேசைமேல் வைத்தார்.

நொறுங்கிய மூக்குக்கண்ணாடி.

வைரவன் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். முத்துலிங்கத்தின் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"பேசிப் பாத்தேன், கேக்கல... கார்லயே கைகலப்பாயிருச்சு. பள்ளத்துல தள்ளிட்டேன். இத உங்க பாக்கெட்ல போட்டுக்குங்க. தையில எம் மக சீதாலெட்சுமி கழுத்துல தாலி கட்டப் போறவரு நீங்க. மாமனாரை எந்த மாப்பிள்ளையாவது தூக்குக்கு அனுப்புவானா? இந்த ஆள மொதல்ல வெளிய போகச் சொல்லுங்க."

சீதாலெட்சுமியின் முகம் ஒரு கணம் வந்து போனது. முத்துலிங்கம் கண்ணை மூடித் திறந்தார்.

"அவரை நான் எப்படிப் போகச் சொல்றது, மாமா? உங்க பேரு அடிபட்டதுமே மேலதிகாரிகிட்டப் போயி நம்ம உறவச் சொல்லிட்டேன். கேஸ் இப்ப இன்ஸ்பெக்டர் பெரேராவோடது."

பெரேரா விலங்கை எடுத்தார்.

"அப்ப... நீங்க எதுக்கு வந்தீங்க?"

"மாப்பிள்ளை மொறைக்கு. ஜெயிலுக்குப் போறப்ப உங்க பெட்டியத் தூக்க ஒரு ஆள் வேணுமில்ல?"