வாசலுக்கு இடதுபக்கம் புதைத்தது

வாசல் கதவுக்கு இடதுபக்கத்தில் ஒரு பலகை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

காலையில் வீட்டைத் துடைக்கும்போது ருகாயாவின் உள்ளங்கைக்குத்தான் அது முதலில் தெரிந்தது. பலகைகளுக்கு அடியில் கடல். மற்றவையெல்லாம் சில்லென்று நசநசத்துக் கிடக்க, அந்த ஒன்று மட்டும், யாரோ வெகுநேரம் உட்கார்ந்திருந்து இப்போதுதான் எழுந்துபோன இடம்போலக் காய்ந்து சூடாக இருந்தது. வெயில் அந்த மூலைக்கு வருவதே இல்லை. ஈரத்துணியை அழுத்தித் தேய்த்தாள். தேய்த்த ஈரம் அவள் கண்ணெதிரே உலர்ந்தது.

கணவன் தர்மின் இருந்தவரை மூன்று முறை இந்தப் பலகைத் தளத்தை உயர்த்திக் கட்டினான். வயல்களை இறால் குளங்களாக்கி, குளங்களுக்காகக் கரையோரத்து அலையாத்தி மரங்களை வெட்டி, கடைசியில் கடலே குளங்களைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட்ட கதை ஜாவாவின் வடகரை முழுக்க ஒன்றுதான். வருடத்துக்கு வருடம் தண்ணீர் ஏறியது, தரை இறங்கியது. ஒவ்வொரு முறையும் தர்மின் அலமாரியை, கட்டிலை, கல்யாணப் படத்தை மேலே ஏற்றினான். இப்போது கூரை தலையில் இடிக்கிறது. பக்கத்து வீடுகளில் சுவர்கள் மட்டும் தண்ணீருக்கு வெளியே நின்றன. ஊரில் அடுப்பு எரிகிற வீடு அவளுடையது ஒன்றுதான்.

“அக்கா! உசுரோட இருக்கீங்களா?”

சுப்கானின் படகு வந்து தட்டியது. முன்பு எதிர்வீட்டுக்காரன். இப்போது கரையேறிப் போய்விட்டாலும் அரிசியும் குடிதண்ணீரும் அவன்தான் கொண்டுவருவான். அவளுடைய போனையும் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றித் தருவான்.

“இன்னும் ஒரு தடவை தளத்தை ஒசத்துனீங்கன்னா, கூரையில ஓட்டை போட்டுத் தலையை வெளிய நீட்டிக்கிட்டுத்தான் தூங்கணும்.”

“உன் மூஞ்சியைப் பாக்குறதுக்கு அது மேல்” என்றாள் ருகாயா. சிரித்துக்கொண்டே அவன் தன் போனை நீட்டினான். மறுமுனையில் மகள் நிங்ரும்.

“அம்மா, மூட்டை கட்டிட்டியா? சாயங்காலம் தண்ணி ஏறுனதும் மாமா படகுல வரேன்.”

“நெறமாசத்துல வயித்தைத் தள்ளிக்கிட்டு நீ ஏண்டி வரே? சுப்கானே என்னைக் கொண்டாந்து விடுவான்.”

“போன தடவையும் இப்படிச் சொல்லித்தானே ஏமாத்துனே? நான் வந்து கையைப் புடிச்சு இழுத்தாத்தான் நீ வருவே.” அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். “அம்மா... எனக்குக் கூடப் பொறந்தவங்க யாராச்சும் இருந்தாங்களா?”

“ஒத்தைப் புள்ளடி நீ. எதுக்குக் கேக்குறே?”

“தெனமும் தூக்கத்துல ஒரு கொரல். ‘அக்கா, அக்கா’ன்னு. கட்டிலுக்கு அடியிலேர்ந்து. முழிச்சுப் பாத்தா கால் ரெண்டும் ஈரம்.”

“புள்ளத்தாச்சிக்கு அப்படித்தான் கனா வரும். தலைகாணிக்கு அடியில கத்தரிக்கோல் வெச்சுக்கிட்டுத் தூங்கு” என்று சொல்லிவிட்டாள். ஆனால் சுப்கானின் போனோடு, சார்ஜ் தீர்ந்த தன் போனையும் கொடுத்தபோது அவள் கண் அந்தப் பலகைமேல் இருந்தது.

படகு போனபின் அந்தப் பலகையின் அருகே உட்கார்ந்தாள். இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால், இதே இடத்தில், காய்ந்த மண் தரை. நிங்ரும் பிறந்ததும், பிரசவ அறையிலிருந்து வந்த நஞ்சுக்கொடியைத் தர்மின் தன் கையால் கழுவினான். உப்பும் பூவும் போட்டுப் புதுச் சட்டியில் வைத்து மூடினான். பெண் குழந்தை என்பதால் வாசலுக்கு இடதுபக்கம் குழிதோண்டிப் புதைத்தான். மேலே கூடை கவிழ்த்து விளக்கேற்றி, முப்பத்தைந்து நாள் அணையாமல் பார்த்துக்கொண்டான். எல்லா வீட்டிலும் செய்வதுதான். குழந்தைக்குப் பின்னால் பிறக்கிற நஞ்சுக்கொடி அதன் தங்கை அல்லவா? இருட்டில் பயந்துபோகக் கூடாதே! “சின்னவ தூங்கிட்டாளா?” என்று அவன் விளக்கை எட்டிப் பார்த்துக் கேட்பதும், அவள் படுக்கையிலிருந்தே சிரிப்பதும்...

தண்ணீர் வந்தபோது ஊர்க்காரர்கள் பெரியவர்களின் எலும்புகளைக்கூடத் தோண்டி எடுத்து மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். வாசலோரத்துச் சட்டிகளை ஒருவரும் நினைக்கவில்லை. அவளும்தான்.

தர்மினும் போனபிறகு, பேச ஆளில்லாத நாட்களில் அவள் தரையைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருந்தது யார்?

“நாம ரெண்டு பேருந்தான் இத்தனை நாளும் இருந்திருக்கோம், இல்ல?” என்றாள் மெதுவாக. பலகையின் சூடு அவள் உள்ளங்கையில் ஏறியது.

வெயில் சாய்ந்து, உப்பும் சேறும் அழுகிய இறாலும் கலந்த வாடையோடு தண்ணீர் ஏறத் தொடங்கியபோது, அவள் அந்தப் பலகையை நெம்பித் தூக்கினாள், மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றினாள், கயிற்றில் கட்டி, ஏறும் தண்ணீர் எட்டாத உயரத்தில் தொங்கவிட்டாள். கலங்கிய தண்ணீரில் வெளிச்சம் பழுப்பாகப் பரவியது.

“அம்மா இன்னிக்குக் கெளம்புறேன். ஒன்னை இருட்டுல விட்டுட்டுப் போவல. இதைப் பாத்துக்கிட்டு இங்கேயே இரு, கண்ணு. அக்காவைக் கூப்புடாதே. அவ வயித்துல புள்ள இருக்கு.”

பலகையை மூடியபோது அது சில்லிட்டிருந்தது. கேட்டுக்கொண்டது என்று நினைத்தாள். கண்ணில் நீர் வந்தது. துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் காத்திருந்தாள்.

மேற்கே வானம் செம்மண் நிறத்தில் மங்கியது. தூரத்து மேட்டிலிருந்து மாலைத் தொழுகையின் அழைப்பு காற்றில் துண்டுதுண்டாக வந்து தேய்ந்தது. அது அடங்கியதும், தூண்களில் தண்ணீர் மோதும் ஓசைக்கு நடுவே வேறொரு ஓசை, சின்னச் சின்ன ஈரக்கைகள் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதுபோல, எங்கோ தொலைவில் கேட்டது.

எதிரே சுப்கானின் பழைய வீடு. கூரையில்லாத சுவர். அதன் வாசலுக்கு வலதுபக்கம், தண்ணீருக்கு அடியில், ஒரு வெளிச்சம்.

மீன்பிடிக்க வந்த யாராவது டார்ச்சைத் தவறவிட்டிருப்பார்கள்.

அடுத்த வீட்டில் இடதுபக்கம் ஒன்று. அதற்கடுத்த வீட்டில் வலதுபக்கம் இரண்டு, இடதுபக்கம் ஒன்று. அந்த வீட்டில் இரண்டு மகன்கள், ஒரு மகள். எல்லோரும் இப்போது செமாராங் நகரத்தில். தண்ணீர் அசைந்தது. வெளிச்சங்கள் அசையவில்லை. ஊர் முழுக்க, மூழ்கிய தெருக்கள் முழுக்க, வாசல் வாசலாக.

பிறகு அவை நகர்ந்தன.

விளக்கு எரிகிற ஒரே வீட்டை நோக்கி.

மெதுவாக. தவழ்ந்து வருவதுபோல. தூண்களைச் சுற்றி வந்து நின்றன. பலகை இடுக்குகளில் பழுப்பு வெளிச்சம். மூச்சுவிடும் ஓசை. பால் வாடை.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கள் அம்மாக்களைத் தேடுகின்றனவா? அம்மாக்கள் யாரும் இல்லையே. அவள் ஒருத்திதானே இருக்கிறாள்.

அப்போது இஞ்சின் சத்தம். தூரத்தில், இருட்டில், படகின் முனையில் ஆடும் லாந்தர். நிங்ருமின் சிரிப்பு. அந்தச் சிரிப்பைத் தர்மினிடமிருந்து அப்படியே வாங்கியிருந்தாள்.

“வராதே! நிங்ரும்! திரும்பிப் போடீ!”

எதிர்காற்று. போன் சுப்கானிடம்.

“அம்மா! வந்துட்டேன்!”

ருகாயா இடதுபக்கத்துப் பலகையைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சில்லென்றுதான் இருந்தது. இடுக்கில் குனிந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் மற்ற வெளிச்சங்கள். அதன் நேர் கீழே மட்டும் ஒன்றும் இல்லை. இருட்டு.

அங்கே இருந்தது அங்கே இல்லை.

நிமிர்ந்தாள். படகின் லாந்தருக்கு நேர் கீழே, தண்ணீருக்குள், இன்னொரு வெளிச்சம். படகு திரும்பினால் அதுவும் திரும்பியது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வருவதுபோல.

இஞ்சின் நின்றது.

சிரிப்பும்.

மேலே, படகின் லாந்தர் அணைந்தது. கீழே இருந்தது வந்துகொண்டே இருந்தது.

முற்றத்தைத் தாண்டி. வாசலைத் தாண்டி. தளத்துக்கு அடியில்.

வெகுநேரம் ஓசை எதுவும் இல்லை. அப்புறம் இடதுபக்கத்துப் பலகையின் ஈரம் ஓரத்திலிருந்து மெல்ல உலரத் தொடங்கியது. ருகாயா கையை நீட்டித் தொட்டாள். சூடு.

அதை ஒட்டியிருந்த அடுத்த பலகையையும் தொட்டாள்.

அதுவும்.