இடப்பக்கத்து ஆள்

தேவிப்ரியா கையைத் தூக்குவதற்கு முன்பே திரையில் அவள் கை தூக்கியிருந்தது.

திரையில் அவள் உருவம் எப்போதும் பின்தங்கித்தான் வரும். அவள் தலையைச் சாய்த்துவிட்டு மூன்று நொடி காத்திருந்தால், திரையில் இருக்கிறவள் அப்புறம் மெதுவாகச் சாய்ப்பாள். இன்று முந்திக்கொண்டாள். லைன் கோளாறு என்று நினைத்து, தூக்கியிருந்த அந்தக் கைக்குத் தன் கையைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

திரையில் எட்டுக் கட்டங்கள். எட்டு ஊர், எட்டு நாற்காலி, எட்டுப் பேர். பேசக் கூடாது, டைப் அடிக்கக் கூடாது. இடப்பக்கத்துக் கட்டத்தில் இருக்கிறவர் செய்வதை அப்படியே செய்ய வேண்டும். முதல் கட்டத்துப் பெண் கடைசிக் கட்டத்தைப் பார்ப்பாள். அந்தக் கடைசிக் கட்டம் தேவிப்ரியா. தினமும் மதியம் மூன்றிலிருந்து நான்கு வரை. சென்னையிலிருந்து ஜீவானந்தம் என்ற ஓவியர் போன மாதம் இந்த பிரவுசிங் சென்டருக்கு வந்து, பேச்சில்லாமல் மனிதர்கள் எவ்வளவு தூரம் பேசிக்கொள்ள முடியும் என்று பார்க்கிற நிகழ்ச்சி இது என்று விளக்கினார். சென்டரில் வேலை பார்க்கும் அவளுக்கு, பேச வேண்டாம் என்பது மட்டும் பிடித்திருந்தது.

கணவன் ராஜ்குமார் களம்பூர் ரோட்டில் லாரியில் அடிபட்டு இறந்து ஏழு மாதம். அன்றிலிருந்து அவளுக்குப் பேச்சு அற்றுவிட்டது. அழுகையும் வரவில்லை. ஐந்து வயது மகள் இனியா பள்ளிக்கூடத்துக் கதைகளோடு ஓடிவந்து மடியில் விழுந்தால், ஒரு மூட்டையை வாங்கி வைப்பதுபோல வாங்கி வைத்துக்கொள்வாள். பிள்ளை அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து, கொஞ்ச நாளாகக் கதை சொல்வதை நிறுத்திவிட்டது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

"இன்னா தேவி, ஊமைக் கூத்து ஆரம்பிச்சிட்டியா?" முதலாளி தங்கவேலு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "காலையில கஸ்டமர் கேட்டுகினே கீறான், நீ மாடு மாதிரி தலையாட்டுற. நாலு மணிக்கு மேலயாச்சும் வாய தொற."

கதவு சாத்திக்கொண்டது. பிளைவுட் தடுப்புக்குள் பழைய ஏசியின் ஈரவாடையும், ஜன்னல் இடுக்கு வழியாகப் பின்தெருச் சாயத் தண்ணீரின் காரநெடியும், விடாமல் அடித்துக்கொண்டிருந்த விசைத்தறிகளின் சத்தமும் ஒன்றோடொன்று கலந்து, நேரம் எது இடம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு மந்தத்தில் அவளை அமிழ்த்தின. சிறுமியாக இருந்தபோது அப்பாவின் தறியில் சேலைக் கரை நெய்ய உட்கார்ந்தவள் அவள். அப்பாவின் கை போனதும் கரை நூல் ஓடும் நாடாவைத் தட்டிவிட வேண்டும், யோசித்தால் தப்பாகிவிடும். யோசிக்காமல் இன்னொரு கையோடு போவது அவளுக்குப் பழகிய வேலை.

மூன்றே முக்கால் ஆனபோது, முதல் கட்டத்துப் பெண் சிரித்தாள். இத்தனை நாளில் யாரும் சிரித்ததில்லை. சிரித்தபடியே எழுந்து கட்டத்தைவிட்டு வெளியே போனாள். நாற்காலி மட்டும் நின்றது.

இரண்டாவது ஆள் சிரித்தார். எழுந்தார். போனார்.

மூன்றாவது. நான்காவது. ஒவ்வொன்றாக அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஏழாவது கட்டத்துக் கண்ணாடிக்காரர் சிரித்தார். போனார்.

அவள் முறை.

அவள் உதட்டை அசைப்பதற்குள் திரையில் இருந்தவள் சிரித்துவிட்டாள். ஏழு மாதமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு. எழுந்தாள். புடவைத் தலைப்பை உதறிச் செருகினாள். போனாள்.

எட்டாவது நாற்காலியும் காலி.

தேவிப்ரியா அதில்தான் உட்கார்ந்திருந்தாள்.

முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. மூடியது.

"கண்ணு! ஆட்டோ வந்துடுச்சா? வா வா, மிஸ்ஸு இன்னிக்கு இன்னா சொன்னாங்க?"

வெளியே, அவள் குரல்.

"ஐயோ, பேசுது பாரு!" தங்கவேலு கைதட்டிச் சிரித்தார்.

பிறகு இனியா தயங்கித் தயங்கித் தொடங்கினாள். "அம்மா... என் பக்கத்துல குந்துற பையன் கீறான் இல்ல... அவன் ரப்பர முழுங்கிட்டாம்மா!"

"முழுங்கிட்டானா! அப்புறம்?"

பிள்ளை சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. தேவிப்ரியாவின் உள்ளே, ஏழு மாதத்துக்குப் பிறகு, ஏதோ ஒன்று கிழிந்தது.

இனியா, என்று கத்தினாள். சத்தம் வரவில்லை. எழப் பார்த்தாள். கால் இல்லை. இருந்தது, ஆனால் சொன்னபடி கேட்கவில்லை.

"கடையில முட்டாய் வாங்கிகினு போலாமா, ஜல்தி வா!"

இரண்டு ஜோடிச் செருப்புகள் படியிறங்கின. தெருவோடு போயின. தறிச் சத்தம் மூடிக்கொண்டது.

திரையைப் பார்த்தாள். எட்டு நாற்காலிகள். காலி.

இல்லை.

நாற்காலி மெத்தைகள் அமுங்கியிருந்தன. எட்டிலும். ஆள் உட்கார்ந்தால் அமுங்குகிற அளவுக்கு.

முதல் கட்டத்து நாற்காலி மெல்லத் திரும்பியது, இவள் பக்கம் பார்ப்பதுபோல. அப்புறம் இரண்டாவது. அப்புறம் மூன்றாவது.

எழ மறுத்த கால்கள் இப்போது, சொல்லாமலே, தரையில் ஊன்றிக்கொண்டன. நாற்காலியைத் திருப்ப, அவள் முறை வருவதற்கு.